கடல்மேல் மிதக்கும் கிணற்றுத் தண்ணீர்

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் “தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் “ஏரியிலிருந்து” என்பார்கள். சொல்லத்தான் செய்வார்கள். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலைத் தேர்தல் என்று பாடப் புத்தகத்தில் படித்தீர்களே, அந்தக் கல்வெட்டுகள்தாம். அவற்றில் ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் தனியாக ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. அதற்கு ஏரி வாரியம் என்று பெயர். பொறுப்பு 360 நாள். வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகளில் வரும் எங்கள் பெரிய ஏரியில் தூர் வாருவதற்காகவே பொன் கொடுத்தவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு தீவுக்குப் போனால், பிள்ளைகள் முதலில் எதைத் தேடுவார்கள்?

பொங்கல் விடுமுறையில் ராமேஸ்வரம் போனோம். என் மனைவி, ஏழாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், என் அம்மா, நான். செங்கல்பட்டில் இரவு ரயில் ஏறி, காலையில் ராமேஸ்வரத்தில் இறங்கி, நாள் வாடகைக்கு ஒரு கார் பேசினோம். ஓட்டுநர் தங்கச்சிமடத்துக்காரர், மீனவர் வீட்டுப் பிள்ளை. வண்டி நகர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மகள் கேட்டுவிட்டாள்:

“அண்ணா, உங்க ஊர்ல ஏரி எங்க இருக்கு?”

“ஏரியா? சுத்தி இருக்கிற தண்ணி பத்தாதாம்மா?” என்று சிரித்தார் அவர்.

பின்சீட்டிலிருந்து என் அம்மா விடவில்லை. “அது உப்புத் தண்ணியாச்சேப்பா! குடிக்கறதுக்கு இன்னா பண்றீங்க?”

“வாங்க ஆத்தா, காட்டுறேன்” என்று வண்டியைத் தனுஷ்கோடிப் பக்கம் திருப்பினார்.

ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவில் ஆறு கிடையாது. மலையும் கிடையாது, கந்தமாதன பர்வதம் என்று பெயர் வைத்திருப்பது ஒரு மணல்மேடு. பாம்பன் பக்கத்து முனையிலிருந்து கிழக்கே அரிச்சல்முனை வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம்தான். தீவின் அடியில் இருப்பதெல்லாம் மணலும், செத்துப்போன பவளங்கள் இறுகி உண்டான சுண்ணாம்புக் கல்லும். இரண்டிலும் பொத்தல்கள் அதிகம். மழை விழுந்தால் மேலே ஓடாது, நேராக உள்ளே இறங்கிவிடும். ஏரி வெட்டினாலும் தண்ணீர் நிற்காது. நம் ஏரிக்கு வேண்டியது தண்ணீரை விடாமல் பிடிக்கிற களிமண். இங்கே அதற்கு நேர்மாறு.

போகப்போகத் தீவு ஒடுங்கிக்கொண்டே வந்தது. காரின் இடது சன்னலிலும் கடல், வலது சன்னலிலும் கடல். இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் சும்மா கிடக்கும். நாங்கள் போன தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வந்ததால், அமைதிக்குப் பெயர்போன கடல்தான் அன்று அலை வீசிக்கொண்டிருந்தது. ஓரமாகத் தேங்கிய நீரில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்தன. மகன் எண்ணத் தொடங்கி, நூறோடு நிறுத்திக்கொண்டான்.

இந்தச் சாலை புதுசு. 2017-க்கு முன்னால் தனுஷ்கோடி முனைக்குக் காரில் போக முடியாது. மணலில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்களும் ஜீப்புகளும்தான். எங்கள் ஓட்டுநர் தார்ச் சாலையை விட்டு ஓர் அடிகூட இறங்க மாட்டேன் என்றார். ஈர மணலில் சக்கரம் புதையும் என்பது ஒரு காரணம். இன்னொன்று உப்பு. “ராத்திரி வண்டிக்கு அடியில நல்ல தண்ணி பீய்ச்சிக் கழுவலேன்னா, ரெண்டு வருசத்துல தகரம் தின்னுபோயிரும் தம்பி” என்று மகனிடம் விளக்கினார். இரும்போடு ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. உப்பு கரைந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமாதலால், துருப்பிடிக்கும் வேதிவினை இன்னும் வேகமாக நடக்கிறது. காரைக் கழுவக்கூட இந்தத் தீவில் நல்ல தண்ணீர் வேண்டும்.

பழைய தனுஷ்கோடியில் இறங்கினோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்துக் கடல் உள்ளே புகுந்த ஊர். பாம்பனிலிருந்து வந்த ஒரு ரயிலே பயணிகளோடு போய்விட்டது. ஊர் மறுபடி எழவில்லை. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் சுவர்களும் மட்டும் நிற்கின்றன. தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாதாரணக் கல் இல்லை, பவளக் கல். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பூப் பூவாகச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஒரு சின்ன உயிரின் வீடு.

தேவாலயத்தைத் தாண்டிச் சில குடிசைகள். மீனவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். குடிசைகளுக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டி ஒரு குழி. ஆள் ஆழம்கூட இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர். ஓர் அம்மா குனிந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடல் அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில்!

“ஊத்துத் தண்ணி. குடிச்சுப் பாருங்க” என்று சிரட்டையை நீட்டினார். என் அம்மா வாங்கிக் குடித்தார். “அட, நம்ம கெணத்துத் தண்ணிகூட இப்படி இருக்காதே!”

மகனுக்குச் சந்தேகம் வந்தது. “கடல் தண்ணி மணல்ல வடிகட்டி வர்றதால உப்பு போயிடுதாப்பா?”

பெரியவர்கள் நிறையப் பேரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. மணல் தூசியைப் பிடிக்கும், குப்பையைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்துவிட்ட உப்பைப் பிடிக்காது. வீட்டில் உப்புக் கரைசலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மணலில் ஊற்றி வடியுங்கள், உப்பு அப்படியே வரும். ஊற்றில் இருப்பது கடல் தண்ணீரே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அதே மணல்மேல் பெய்த மழை.

அப்படியானால் அந்த மழைத் தண்ணீர் ஏன் கடலோடு கலந்து போகவில்லை? மணலுக்கு அடியில் நாலு பக்கமும் கடல் நுழைந்திருக்கிறதே?

இங்கேதான் கொஞ்சம் கணக்கு வேண்டும். மகள் காரில் உட்கார்ந்து பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டாள், நீங்களும் போடலாம்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல் தண்ணீர் சுமார் 1,025 கிராம். உப்பு கரைந்திருப்பதால் கடல் தண்ணீர் கனம் கூட. இப்போது U வடிவத்தில் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் கடல் தண்ணீர், 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு. மறு கையில் நல்ல தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் சமமாக நிற்க வேண்டும் என்றால் நல்ல தண்ணீர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? 40-ஐ 1.025-ஆல் பெருக்குங்கள். 41. அதாவது நல்ல தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக நிற்கும். அந்த ஒரு சென்டிமீட்டர் மேலே தலைதூக்கி நிற்கிறது என்றால், கீழே 40 சென்டிமீட்டர் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று பொருள்.

தீவுக்கு அடியிலும் இதே சமாசாரம்தான். மணலுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர், கனமான கடல் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது கடலை அமுக்கி வைத்திருக்கும். கவனியுங்கள், மணல்மேட்டின் உயரத்தை நான் சொல்லவில்லை; மணலுக்குள் நிற்கிற நீர்மட்டத்தைச் சொல்கிறேன். அது தீவின் நடுவில் கூட, ஓரத்தில் குறைவு. ஆகவே மொத்த நல்ல தண்ணீரும் ஒரு வடிவத்துக்கு வருகிறது: மேலே லேசான மேடு, கீழே பெரிய தொப்பை, ஓரம் மெல்லிசு. இட்லி! எங்கள் காஞ்சிபுரத்துக் குடலை இட்லி இல்லை, வீட்டில் தட்டில் ஊற்றுகிற சாதா இட்லி. அறிவியல் புத்தகங்களில் இதை ‘நன்னீர் வில்லை’ என்று எழுதுவார்கள்.

மணல் இங்கே வேறொரு வேலை செய்கிறது. திறந்த கடலில் மழை பெய்தால் அலை அடித்து நொடியில் கலக்கிவிடும். மணல் பருக்கைகளுக்கு நடுவே தண்ணீர் ஒரு நாளைக்கு மிகக் கொஞ்ச தூரம்தான் நகர முடியும். அலை உள்ளே வர முடியாது. கலக்க ஆள் இல்லாததால் நல்லதும் உப்பும் பெரும்பாலும் தனித்தனியாக நிற்கின்றன. சுத்தமாகப் பிரிந்து நிற்பதில்லை. நடுவில் கொஞ்சம் உப்புக் கரிக்கிற கலவைத் தண்ணீர் ஒரு பட்டையாக இருக்கும். கடல் ஏறி இறங்குவதால் அந்தப் பட்டை தடிக்கும். சின்னத் தீவுகளில், ஒடுக்கமான மணல்திட்டுகளில் இந்தக் கலவை பாதி இட்லியைத் தின்றுவிடும். அதனால் 40 மடங்கு என்பதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உத்தேசம்தான்.

இந்தக் கணக்கை 1880-களின் கடைசியில் கண்டு எழுதியவர் ஹாலந்து நாட்டு ராணுவப் பொறியாளர் பேடன் கைபன். அவரைப் பற்றித் தெரியாமலே ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க், வடகடலில் இருக்கும் நார்டர்னை தீவில் கிணறுகளை ஆராய்ந்து அதையே கண்டுபிடித்தார், 1901-இல் வெளியிட்டார். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தான் இன்றும் அந்த விதியைச் சொல்கிறார்கள். சிரட்டையோடு குனிந்திருந்த அந்த அம்மாவின் பாட்டிகளுக்கு விதி தெரியாது. ஆனால் எவ்வளவு தோண்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அதையும் பொறியியல் என்றே சொல்வேன்.

நம் ஊரில் கிணறு வற்றினால் என்ன செய்கிறோம்? இன்னும் ஆழம் போடுகிறோம். 200 அடி போதவில்லையா, 400 அடி. கருங்கல்லில் எங்காவது ஒரு விரிசலில் தண்ணீர் மாட்டாதா என்று போர் வண்டி இரவெல்லாம் உறுமும். தனுஷ்கோடியில் அதே போர் வண்டியைக் கொண்டுபோய் இறக்கினால்? சீக்கிரமே இட்லியைப் பொத்துக்கொண்டு குழாய் கடலுக்குள் போய்விடும். இங்கே ஆழம் போகப்போக உப்பு. மேலாகத் தோண்டினால்தான் நல்ல தண்ணீர்.

ஆழம் போகாமல், மேலாகவே ஒரு மோட்டாரை வைத்து வேகமாக இறைத்தால் என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். அதே 40 கணக்கைத் திருப்பிப் போடச் சொன்னேன். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், அதற்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் 40 அடி வரை மேலே ஏறப் பார்க்கும். பில்லிலிருந்து நிமிர்ந்து பார்த்து, “ஐயோ!” என்றாள். கிணற்றுக்கு அடியில் உப்பு ஒரு கூம்புபோல எழும்பி, ஒரு நாள் குழாயில் வந்துவிடும். சிரட்டையில் மொண்டால் நீர்மட்டம் இறங்குவதே தெரியாது. குழியில் ஊறட்டும் என்று காத்திருந்து, ஊறியபிறகு மறுபடி மொள்கிறார்கள். பசிபிக் கடலில் கிரிபாத்தி நாட்டின் தராவா தீவில் இன்று பொறியாளர்கள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? ஆழக் கிணறு போடாமல், துளையிட்ட குழாய்களைப் படுக்கை வசமாக மண்ணில் புதைத்து, பரந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேல் தண்ணீரை மட்டும் எடுக்கிறார்கள். நோக்கம் ஒன்றுதான்.

மதியம் என் அம்மா ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்துவிட்டுத்தான் வருவேன் என்றார். கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரே கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், பெரும்பாலும் கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி என்று பக்தர்கள் சொல்வதுண்டு. கிணற்றுக்குக் கிணறு உப்பு கொஞ்சம் கூடக்குறைய இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தக் கலவைப் பட்டை எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

என்னை அதிகம் வியக்க வைத்தது தங்கச்சிமடத்தில் இருக்கும் வில்லூண்டித் தீர்த்தம். ஓட்டுநர் தன் ஊர்ப் பெருமையோடு கூட்டிப்போனார். கரையிலிருந்து கடலுக்குள் ஒரு சிறு நடைபாலம். அதன் கடைசியில் ஒரு கிணறு. சுற்றிலும் கடல், உள்ளே நல்ல தண்ணீர்! ராமர் வில்லை ஊன்றியதால் வந்தது என்று கதை. நிலத்துக்கு அடியில் இருக்கும் நன்னீர் சும்மா தேங்கி நிற்பதில்லை என்பதை இந்தக் கிணறு காட்டுகிறது. மழை மேலிருந்து தள்ள, அது மெல்ல மெல்ல ஓரங்களை நோக்கி நகர்ந்து, கரையோரமாகக் கடலுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கசிவின் வழியில் ஒரு கிணற்றைக் கட்டிக் கடலைச் சுவரால் தடுத்துவிட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும். மழை நின்று பல மாதம் ஆனால் கசிவும் குறையும்.

இதற்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் ஒரு சொந்தக்காரக் கிணறு உண்டு. யாழ்ப்பாணத்தில் புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு. அங்கேயும் ஆறு இல்லை, அடியில் சுண்ணாம்புக் கல். அந்தக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். நான் சொன்ன மிதக்கிற கதையை ஒரே கிணற்றுக்குள் மேலிருந்து கீழாகப் பார்க்கலாம். அங்கே ராமர் அம்பு விட்டதாகக் கதை. வில் இந்தக் கரையில், அம்பு அந்தக் கரையில்!

இந்த இட்லிக்குப் பெரிய எதிரி, மேலே வருகிற கடல். பக்கவாட்டிலிருந்து கடல் மெல்ல வந்தால் மழைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். புயலில் கடல் எழும்பி மேலே ஏறிவிட்டால், கனமான உப்புத் தண்ணீர் மணல் வழியாக நேராக உள்ளே இறங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ கிணறுகள் அப்படித்தான் உப்பாகின. பிறகு பெய்த மழைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவித் தள்ள வேண்டியிருந்தது.

ஆட்கள் பெருகிவிட்டால் ஊற்று மட்டும் போதாது. ராமேஸ்வரத்தில் இப்போது குழாயும் லாரியும் வந்துவிட்டன. லட்சத்தீவில் வேறு வழி பார்த்தார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2005-இல் கவரத்தித் தீவில் ஓர் ஆலை அமைத்தார்கள். மேல்கடலின் வெதுவெதுப்பான தண்ணீரைக் காற்று நீக்கிய தொட்டிக்குள் விட்டால், அடுப்பே இல்லாமல் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும்; உப்பு தங்கிவிடும். அந்த ஆவியை, சில நூறு மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் இழுத்த குளிர்ந்த கடல் தண்ணீரால் குளிர வைத்தால் நல்ல தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கும்படி அமைத்தார்கள்.

மாலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் சற்று நின்றோம். பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதியதும். கப்பல் வந்தால் புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். மகன் கப்பல் வருமா என்று காத்திருந்தான், வரவில்லை.

சரி, இப்போது உங்கள் வேலை. ஓர் உயரமான கண்ணாடி டம்ளரில் பாதிக்குக் குடிதண்ணீர் ஊற்றி, அதில் நிறையவே உப்பு கரையுங்கள், இரண்டு ஸ்பூன். பீட்ரூட் சாறு சில சொட்டு விட்டுச் சிவப்பாக்குங்கள். அதன்மேல் ஒரு வட்டக் காகிதத்தை மிதக்க விட்டு, காகிதத்தின்மேல் ஸ்பூனால் மெல்ல மெல்ல நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அவசரப்பட்டால் கலந்துவிடும். டம்ளர் நிறைந்ததும் காகிதத்தை எடுங்கள். மேலே தெளிவு, கீழே சிவப்பு. இனி ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சின் முனையைச் சிவப்புக்கு ஒரு விரல்கடை மேலே வைத்து, மெதுவாக இழுங்கள். பிறகு டம்ளரை மறுபடி தயார் செய்து, அதே இடத்திலிருந்து ஒரே இழுப்பாக வேகமாக இழுங்கள். இரண்டு தடவையிலும் சிரிஞ்சில் எப்போது சிவப்பு வந்தது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கரைக்கும் உப்பைக் கூட்டியும் குறைத்தும் செய்து பாருங்கள். தெளிவுக்கும் சிவப்புக்கும் நடுவில் தெரியும் கோடு எப்போது கலைகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.